வெளிக்காற்றை அடைத்த காலை

எங்கள் காரில் ஏசி குமிழுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. அதில் ஒரு கார் படமும், அந்தக் காருக்குள்ளேயே வளைந்து திரும்பும் ஒரு அம்பும் இருக்கும். அழுத்தினால் மஞ்சள் விளக்கு எரியும். வெளிக்காற்று நின்று, உள்ளே இருக்கிற காற்றே திரும்பத் திரும்பச் சுற்றும். இன்னொரு முறை அழுத்தினால் விளக்கு அணைந்து வெளிக்காற்று வரும். இந்தப் பட்டனை வைத்து நானும் என் கணவரும் பல வருஷம் சண்டை போட்டிருக்கிறோம்.

அவர் வெளிக்காற்றுக் கட்சி. மதுரைப் பழங்காநத்தத்தில் பஸ் பின்னால் நிற்கும்போதுகூட அதை அடைக்க விடமாட்டார். "அடைச்சு வெச்சா எனக்கு மூச்சு முட்டுது டீச்சர்" என்பார். நான் மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீட்டில் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார், பாதி கேலியாக. பட்டனை அடைத்தால் அவருக்கு மூச்சு முட்டியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். அவர் சிகரெட் பிடிப்பவர். ஓட்டும்போது பிடித்த சிகரெட்டின் புகை வெளியே போக வேண்டும். எனக்கோ வெளியே இருக்கிற புகையும் வேண்டாம், உள்ளே இருக்கிற புகையும் வேண்டாம்.

ஐம்பத்து நாலு வயதில் அவருடைய நுரையீரல் கெட்டுப்போனது. சிகரெட்டை அன்றே விட்டார்; ஆனால் விட்டதற்குப் பலன் கிடைக்கிற கட்டம் தாண்டியிருந்தது. மூன்று வருஷத்தில் குளியலறைக்குப் போய்வருவது அவருக்கு ஒரு வேலையாகிவிட்டது. வீட்டில் காற்றிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் மெஷின் ஒன்று, வெளியே போக ஒரு சின்ன சிலிண்டர் என்று எங்கள் வாழ்க்கை அமைந்தது. சிலிண்டரின் குமிழை ரெண்டில் வைக்க வேண்டும், அதற்குமேல் நாங்களாகக் கூட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரை நான் ஓட்டப் பழகினேன். பட்டன் விஷயத்தில் சண்டை நின்றது. புகை, தூசி எதுவும் ஆகாது என்றதும் அவரே அதை அழுத்திவிட்டு உட்காருவார். அவர் சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது.

இதெல்லாம் நடந்த மார்கழிக்கு முந்திய மாதம் காரை ஆனையூரில் எங்கள் தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டேன். மெக்கானிக் நிதானமான ஆள். பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே கண்ணாடியை ஒட்டி இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் சல்லடையைக் காட்டினார். அதிலிருந்து காய்ந்த வேப்பிலைகளைக் கை நிறைய அள்ளிப் போட்டார்.

"வெளிக்காத்து உள்ள போற வழி இதுதான் டீச்சர். இங்கிட்டு ஒண்ணும் சேர விடாதீங்க. இன்னொரு விஷயம், அந்த உள்காத்துப் பட்டன் இருக்குல்ல, லைட்டு மட்டும்தான் எரியுது. உள்ள இருக்கிற மூடி திரும்ப மாட்டேங்குது."

"அப்படின்னா?"

"அதைத் திருப்புற குட்டி மோட்டார் போயிருச்சு. நீங்க பட்டனை அமுக்குனாலும் வெளிக்காத்து வந்துக்கிட்டேதான் இருக்கும். மாத்தணும்னா டேஷ்போர்டு பூராம் கழட்டணும். ரெண்டு நாள் வண்டி நிக்கும்."

"ரெண்டு நாள் முடியாதுண்ணே. இவருக்கு எப்ப ஆஸ்பத்திரின்னு தெரியாது."

"அப்பப் பொறுமையாப் பாத்துக்கலாம். கூலிங் கொஞ்சம் கம்மியா இருக்கும், அம்புட்டுத்தான்."

கூலிங் கம்மி என்பது மட்டும்தான் என் மனதில் நின்றது. என் கணவரிடம் நான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் அவர் காரில் ஏறியதும் பட்டனை அழுத்துவார், மஞ்சள் விளக்கு எரியும், இருவரும் நிம்மதியாக உட்காருவோம்.

மதுரைப் பக்கம் போகியன்று வீட்டு வாசலில் கூரைப்பூ என்கிற பூளைப்பூவும் வேப்பிலையும் வைத்துக் காப்புக் கட்டுவதுதான் வழக்கம். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் பக்கத்து வீட்டார் எங்கள் கேட்டிலும் ஒரு கொத்துச் செருகிவிட்டுப் போவார்கள். பழையதைக் கொளுத்துவது எங்கள் தெருவுக்குச் சில வருஷங்களுக்கு முன்புதான் வந்து சேர்ந்தது. பாய், தலையணை, சைக்கிள் டயர். அன்று விடியும்போதே ஜன்னல் இடுக்கு வழியாகப் புகை வந்துவிட்டது. ஈரத்துணியை இடுக்குகளில் வைத்தேன். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஆறரை மணிக்கு அவர் கட்டிலில் முன்பக்கம் சாய்ந்து, ரெண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு விட்டார். நகமும் முகமும் நீலம் பாரித்திருந்தன.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடவாங்க?"

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துச் சொன்னார். "அதுல ஏறுனா... திரும்ப மாட்டேன். நம்ம வண்டி... எடு."

அவரிடம் வாதாடியிருக்க வேண்டும். வாதாடினால் அவருக்கு மூச்சு வாங்கும் என்று பயந்தேன். பெங்களூரில் இருக்கும் மகளுக்கு ஒரு மெசேஜ் போட்டுவிட்டு, அவரைப் பின்சீட்டில் தலையணை வைத்துச் சாய்த்து, பக்கத்தில் சிலிண்டரைக் கட்டினேன். அவர் பார்க்கும் டாக்டரின் ஆஸ்பத்திரி வண்டியூர்ப் பக்கம். ஊருக்குள்ளே ஒவ்வொரு தெருவிலும் எரிந்துகொண்டிருந்தது. அதனால் வெளியே சுற்றிப் போவோம், வயல்வெளியில் காற்று நன்றாக இருக்கும் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவை நான் பல நூறு முறை திரும்பி எடுத்துப் பார்த்துவிட்டேன்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. மார்கழி கடைசி நாள், வயல்மேல் பனி நின்றது. ஒரு கண்மாய்க் கரையை நெருங்கும்போது பனி பழுப்பாக மாறியது. கரையோரம் பல தெருக்களின் குப்பையைக் கொட்டியிருந்தார்கள். அதற்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை, பனியில் மேலே போக முடியாமல் ரோட்டிலேயே படுத்திருந்தது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு பத்தடி தூரத்தில் திடீரென்று தெரிந்து, நான் பிரேக்கை மிதித்தேன். அதற்கும் முன்னால் எங்கேயோ ரெண்டு வண்டி மோதிக்கொண்டு ரோடு அடைத்துவிட்டது. திருப்பலாம் என்று கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் ஒரு வேன், அதற்குப் பின்னால் பஸ். ஒருபக்கம் கண்மாய்ப் பள்ளம், மறுபக்கம் வாய்க்கால்.

பட்டனின் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காற்றாடியை முழு வேகத்தில் வைத்தேன். ஏசிச் சந்துகளிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை என் முகத்தில் அடித்தது. பின்னால் அவர் இருமத் தொடங்கினார்.

அப்போதுதான் மெக்கானிக் சொன்னது முழுதாகப் புரிந்தது. காற்றாடியை அணைத்தேன். வேகம் குறைந்ததே தவிர, புகை அதே சந்துகள் வழியாகக் கசிந்துகொண்டேதான் இருந்தது. அவர் இருமி இருமி ஒரு கட்டத்தில் இருமலுக்குக் காற்று இல்லாமல் வாயை மட்டும் திறந்து மூடினார். நான் சீட்டுக்கு நடுவே கையை விட்டு, சிலிண்டர் குமிழை ரெண்டிலிருந்து நாலுக்குத் திருப்பினேன். கூட்டக் கூடாது என்றது நினைவில் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினேன். பானெட்டைத் திறந்தேன். வைப்பருக்குக் கீழே அந்தச் சல்லடை கார் அகலத்துக்கு நீண்டிருந்தது. அதை அடைக்க என்னிடம் என் துப்பட்டா மட்டும்தான் இருந்தது. அதைக் கழற்றிச் செருகினேன். ஒரு ஓரத்துக்குக்கூடப் போதவில்லை. கண் எரிந்து தண்ணீராகக் கொட்டியது. அப்படியே பானெட்டைப் பிடித்துக்கொண்டு, யாராவது வாங்களேன் என்று கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

வாய்க்கால் பக்கமாகத் தன் மொபெட்டை உருட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். தொப்பி போட்டிருந்தார், தாடி நரைத்திருந்தது. மொபெட்டின் பின்னால் ஒரு துணி மூட்டை.

"என்னக்கா, வண்டி சூடாயிருச்சா?"

"இல்ல பாய். உள்ள என் வீட்டுக்காரர் இருக்கார். நுரையீரல் நோயாளி. இந்த வழியாப் புகை உள்ள போகுது. இதை அடைக்கணும்."

அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். குழாயையும் சிலிண்டரையும் பார்த்தார். தூரத்துத் தீயை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மூட்டையை அவிழ்த்தார். உள்ளே புது லுங்கிகள், மடிப்புக் கலையாமல், லேபிளோடு. கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவர் போலிருக்கிறது. நாலைந்தை உருவித் தன் தண்ணீர் கேனைச் சாய்த்து நனைத்தார்.

"நீங்க அங்கிட்டு ஓரத்துல இருந்து அமுக்கிட்டு வாங்க, நான் இங்கிட்டு இருந்து வாரேன்."

இருவரும் ரெண்டு பக்கமிருந்தும் சல்லடைமேல் ஈர லுங்கிகளைத் திணித்து இறுக்கினோம். பானெட்டை மூடியதும் துணி இன்னும் அழுந்தியது. அவர் இருமிக்கொண்டே, "உள்ள ஏறிக் கதவை அடைங்க. நான் முன்னால போயி லாரிக்காரர்கிட்டச் சொல்லி உங்களுக்கு வழி விடச் சொல்றேன்" என்றார். நன்றி சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் புகைக்குள் போய்விட்டார். அவர் முகத்தை நான் முழுதாகப் பார்த்ததுகூட இல்லை.

உள்ளே ஏறினேன். ஏசிச் சந்துகளில் புகை வருவது நின்றிருந்தது. அவருடைய இருமல் மெல்லக் குறைந்தது. நான் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு ஜெபம் செய்யப் பார்த்தேன். எனக்கு ஜெபம் வரவில்லை. வந்தது வேறு ஒன்று. இருபத்தாறு வருஷம் இவர் ஊதிய புகைக்கு நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்ற ஆத்திரம் வந்தது. அதன் பின்னாலேயே, இன்றோடு இது முடிந்தால் என்ன என்ற நினைப்பும் வந்தது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. கண்ணாடியில் அவரைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

அரை மணி நேரமோ அதற்கு மேலோ அப்படியே நின்றோம். கண்ணாடிகளில் உள்பக்கம் மூச்சுநீர் படிந்து வெளியே எதுவும் தெரியவில்லை. கையால் துடைத்தேன், மறுபடியும் படிந்தது. அது எங்கள் இருவரின் மூச்சு என்பது கண்ணுக்கு முன்னால் எழுதி வைத்தது போல இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஒருவழியாக லாரி நகர்ந்தது. யாரோ என் கார் பானெட்டைத் தட்டி, "போங்க, போங்க" என்றார்கள். ஊர்ந்து, ஒதுங்கி, மோதிக் கிடந்த வண்டிகளைத் தாண்டி வெளியே வந்தேன். கொஞ்ச தூரத்தில் புகை முடிந்து வெயில் வந்தது. வாழைத் தோட்டங்கள் பச்சையாகத் தெரிந்தன. பின்னால் அவர் தலை தலையணையில் சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. குறட்டை கேட்டது. வாரக்கணக்கில் படுத்துத் தூங்காத மனிதர். தூங்கட்டும் என்று நினைத்தேன். பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினேன். வெளியே இன்னும் வேறு எங்காவது எரியலாம் என்று பயந்து ஜன்னலைத் திறக்கவில்லை. காரை நிறுத்தி லுங்கிகளை எடுக்கவுமில்லை.

எனக்குக் கொட்டாவி வந்தது. நெற்றிக்குள் இடித்தது. புகையால் வந்த தலைவலி என்று நினைத்தேன். மறுபடி கொட்டாவி. எதிரே வந்த பஸ்ஸை ரொம்பப் பக்கத்தில் வந்த பிறகுதான் கவனித்துத் திருப்பினேன். தெப்பக்குளத்தை நெருங்கிவிட்டோம், இன்னும் பத்து நிமிஷம் என்று அவரிடம் சொன்னேன். பதில் இல்லை.

"ஏங்க."

குறட்டை மட்டும் வந்தது. ஒரு குறட்டைக்கும் அடுத்ததற்கும் நடுவே நீளமான இடைவெளி இருந்தது. தெப்பக்குளத்து மதிலோரம் நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பி அவர் கையைப் பிடித்தேன். கை குளிர்ந்திருக்கும் என்று பயந்துதான் பிடித்தேன். சூடாக இருந்தது. முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்வை. காலையில் நீலமாக இருந்த முகம் இப்போது நல்ல ரத்த ஓட்டத்தோடு இருக்கிறவர் முகம் போல இருந்தது. அதுதான் என்னை உலுக்கியது. ஏழாம் வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்துகிற சுவாசப் பாடம் நினைவுக்கு வந்தது. நாம் வெளியே விடும் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பேன், பிள்ளைகள் கோரஸாகக் கரியமில வாயு என்பார்கள். பிராணவாயு வரும் வழியை மட்டும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விட்ட மூச்சு போகிற வழியை நானே துணி வைத்து அடைத்திருந்தேன்.

நாலு ஜன்னலையும் இறக்கினேன். கதவுகளையும் திறந்துபோட்டேன். அவர் கன்னத்தில் அடித்தேன். "எந்திரிங்க, மூச்சை விடுங்க, நல்லா விடுங்க" என்று கத்தினேன். இமை கொஞ்சம் திறந்து, என்னைப் பார்க்காமலே மூடியது. சிலிண்டரை ரெண்டுக்குக் குறைப்பதா, நாலிலேயே விடுவதா என்று தெரியவில்லை. குறைத்தால் செத்துவிடுவாரோ, விட்டால் செத்துவிடுவாரோ. என் விரல் குமிழிலேயே இருந்தது. கடைசியில் டாக்டர் சொன்ன ரெண்டுக்குத் திருப்பினேன். ஜன்னல்கள் திறந்தபடி, ஹாரனிலிருந்து கையை எடுக்காமல், ஆஸ்பத்திரி வாசல் வரை ஓட்டினேன்.

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க் கட்டி, மெஷின் வைத்து மூச்சை உள்ளே தள்ளியும் வெளியே விடவைத்தும் பார்த்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டியூட்டி டாக்டர் வெளியே வந்தார். என் மகளைவிடக் கொஞ்சம் வயது கூடின பெண். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன், லுங்கி உட்பட.

"நாலுல எவ்வளவு நேரம் ஓடுச்சும்மா?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"இவருக்கு மூச்சை வெளிய விடுறதுதான் கஷ்டம். ஆக்சிஜனைக் கூட்டுனா கெட்ட காத்து உடம்புலயே தங்கிரும். மயக்கம் தூக்கம் மாதிரிதான் தெரியும். கார்லயும் வெளிக்காத்து வரலை."

"அப்ப நான்தான் காரணமா டாக்டர்?"

அவர் கையிலிருந்த காகிதத்தை மடித்தார். "அடைக்கலைன்னா அந்தப் புகையிலேயே போயிருப்பாரு. அடைச்சதைச் சீக்கிரம் தொறந்திருக்கலாம்."

அந்தக் கேள்வியை நான் மறுபடியும் மறுபடியும் அவரிடம் போய்க் கேட்டேன். மூன்றாம் நாள் நான் வருவதைப் பார்த்து அவர் வேறு வாசல் வழியாகப் போனார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

மகள் வந்து சேர்ந்தாள். ஆறாம் நாள் மாஸ்கைக் கழற்றினார்கள். சாயங்காலம் அவர் கொஞ்சம் கஞ்சி குடித்தார். மகள் வெளியே போயிருந்த நேரத்தில் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டன் வேலை செய்யாதது எனக்கு முன்பே தெரியும் என்பதை, குமிழைக் கூட்டியதை, அடைத்ததை, திறக்க மறந்ததை. ஸ்டீயரிங்கில் தலைவைத்து நினைத்ததை மட்டும் சொல்லவில்லை.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "புகை வந்தது ஞாபகமிருக்கு. அதுக்கப்புறம் நல்லாத் தூங்குனேன் டீச்சர்" என்றார்.

"அது தூக்கம் இல்லைங்க."

"என்னமோ. மூச்சு வாங்குறதே தெரியாமத் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு." கொஞ்சம் நிறுத்தி மூச்சு எடுத்துக்கொண்டார். "எழுப்பாம விட்டிருக்கலாம் நீ."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பயணத்தில் தன் ஸ்டாப்புக்கு முன்னாலேயே எழுப்பிவிட்டவர்களிடம் சொல்வது போலத்தான் சொன்னார். நான் கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது மகள் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு நாற்பத்தோரு நாள் இருந்தார். பெரும்பாலும் கட்டிலில் உட்கார்ந்தபடி. கடைசி வாரத்தில் ஒரு காலை, என்னைக் கட்டிலில் தனக்கு முன்னால் உட்காரச் சொல்லி, என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அப்படிச் சாய்ந்தால் மூச்சு கொஞ்சம் சுலபமாக இருக்கிறது என்றார். அதற்குப் பிறகு தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன் அரை மணி நேரம் அப்படி உட்கார்ந்தேன். அவர் இறந்ததும் அப்படித்தான், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மூச்சு நின்றது என் முதுகுக்குத் தெரிந்தது. நான் உடனே எழுந்திருக்கவில்லை. எழுந்தால் அவர் விழுந்துவிடுவார் என்பதால், மகள் அடுக்களையிலிருந்து வரும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.